யாட் கம்பெனியின் பி.இ. நாலு

அக்டோபர் 5, ஞாயிறு

சகல பொதுமக்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: தூத்துக்குடியைச் சேர்ந்த பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் மாணவன் மெர்வினின் இடது கால் செருப்பு, இன்று காலை இரண்டாம் பூசை முடிவதற்குள் மாதா கோயில் வாசலில் காணாமல் போனது. வலது செருப்பு உயிருடன் இருக்கிறது, பேசும் நிலையில் இல்லை. அரைக்கம்பத்தில் கொடி பறக்கவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "வெளக்குமாத்தப் பறக்க விடவா?" என்றாள்.

இதர செய்திகள்: நெவில் மாமா கப்பலிலிருந்து இறங்கி வந்துவிட்டார். அம்மாவின் தம்பி. சரக்குக் கப்பலில் மாலுமி. துருவைச் சுரண்டுவது, சுரண்டிய இடத்தில் பெயிண்ட் அடிப்பது, பெயிண்ட் அடித்த இடம் துருப்பிடித்ததும் மறுபடி சுரண்டுவது, இதுதான் வேலை. இந்த முறை திரும்பிப் போகப் போவதில்லையாம். சென்னையில் ஆபீசர் பரீட்சைக்கான கோர்ஸில் சேரப்போகிறார். ஃபீஸ் மூன்று லட்சம், நவம்பர் இருபதுக்குள் கட்ட வேண்டும். காசு பேங்கில் தயாராக இருக்கிறது.

"அடுத்த தடவ வெள்ளச் சட்டையில, தோள்ல பட்டையோட வாரேன் பாரு மருமவனே."

"தோள்ல பட்டை சரி. வாயில பட்டைச் சாராய வாடை வந்தா அம்மா உள்ள விடமாட்டா மாமா."

தலையில் ஒரு குட்டு விழுந்தது. ஆனாலும் சிரித்தார்.

அக்டோபர் 8, புதன்

மாமாவின் கப்பல் சமையல்காரர் ஒரு ஷேர் சொல்லி அனுப்பியிருக்கிறார். கோரல்விங் யாட்ஸ் லிமிடெட். யாட் என்பது பணக்காரர்கள் சும்மா மிதப்பதற்காக வாங்கும் படகு. மீன் பிடிக்காது, சரக்கு ஏற்றாது. மால்டா துறைமுகத்தில் தன் கப்பலுக்குப் பக்கத்தில் ஒன்றைப் பார்த்தாராம் மாமா. அதில் ஒரு நாய் கூலிங்கிளாஸ் போட்டுப் படுத்திருந்ததாம்.

"சும்மா மிதக்கதுக்கா இத்தன கோடி?" என்றாள் அம்மா.

"மிதப்புல இருக்கவன்தான்மா மிதக்க முடியும்" என்றேன். யாரும் ரசிக்கவில்லை. வழக்கம்தான்.

பிறகு மாமா போனை நீட்டினார். "மருமவனே, நீ காமர்ஸ்லா. இதுல பி.இ. நாலுன்னு போட்டிருக்கு. அப்படின்னா என்னது?"

"பி.இ. எப்பவுமே நாலு வருசம்தான மாமா. அதுக்கப்புறம் வேல கெடைக்காது."

"ஏலே, வெளையாடாத. நெசமாத்தான் கேக்கேன்."

எனக்கு அது ஏற்கெனவே நன்றாகத் தெரியும். உறுதிப்படுத்திக்கொள்வதற்காக மட்டும் போனோடு பாத்ரூமுக்குப் போய் இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தேன். வந்து விளக்கினேன். ஒரு ஷேரின் விலையை, அந்த ஷேருக்குக் கம்பெனி ஒரு வருடத்தில் சம்பாதித்த லாபத்தால் வகுக்க வேண்டும். கோரல்விங் ஷேர் ஒன்று நூற்றிருபது ரூபாய். போன வருடம் ஒரு ஷேருக்கு லாபம் முப்பது ரூபாய். நூற்றிருபதை முப்பதால் வகுத்தால் நாலு.

"நம்ம முக்கு பரோட்டாக் கடையவே எடுத்துக்கோங்க மாமா. கடை நாலு லட்சத்துக்கு வருது. வருசத்துக்கு ஒரு லட்சம் லாபம். நாலு வருசத்துல போட்ட காசு வந்துரும். அஞ்சாவது வருசத்துலேர்ந்து பரோட்டா சும்மா, சால்னா சும்மா. மத்த கப்பல் கட்டுற கம்பெனிக்கெல்லாம் இது நாப்பது, அம்பதுன்னு இருக்கு. அதே ஒரு லட்சம் லாபத்துக்கு நாப்பது லட்சம் குடுக்கணும்."

மாமா கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்தார். "அது சரிலே. நாப்பதுக்குப் போவேண்டிய கடைய எதுக்கு ஒருத்தன் நாலுக்குக் குடுக்கான்? அதக் கேக்க மாட்டியா?"

"மத்தவங்களுக்கு நம்ம அளவுக்கு மூளை இல்ல மாமா."

"அதுவுஞ் சரிதான்" என்றார்.

இன்று முதல் நான் இந்த வீட்டின் நிதி ஆலோசகர். சம்பளம்: கப்பல் சாக்லேட்டில் அம்மாவின் பங்கு.

அக்டோபர் 10, வெள்ளி

வரலாற்றுச் சிறப்புமிக்க நாள்.

அலமாரியில் அம்மாவின் பழைய பட்டன் போன் கிடக்கிறது. தோஹாவிலிருக்கும் அப்பா அதையும் மறக்காமல் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறார். மாமா குளிக்கப் போன நேரத்தில் அவருடைய புதுப் போனில் அந்த நம்பரை 'மும்பை ஷேர் ஆபீஸ்' என்று ஏற்றிவைத்தேன். சாயங்காலம் பக்கத்து அறையிலிருந்து அனுப்பினேன்:

"மதிப்புக்குரிய நெவில் அவர்களுக்கு. தாங்கள் கவனித்துவரும் கோரல்விங் யாட்ஸின் விகிதம் நாலு மட்டுமே. இது கடலில் விழுந்த சர்க்கரை. கரைவதற்குள் அள்ளுபவர் புத்திசாலி. இப்படிக்கு, தலைமை அதிகாரி, மும்பை."

கதவிடுக்கில் பார்த்தேன். மாமா படித்தார். நெற்றியைச் சுருக்கினார். திரும்பி என் அறைக் கதவைப் பார்த்தார். மறுபடி படித்தார். ஆள் ஆடிப்போய்விட்டார் என்பது தெளிவாகத் தெரிந்தது. பதில் வந்தது: "மிக்க நன்றி சார்."

சார்! தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

"என்னல தனியா சிரிக்க?" என்றாள் அம்மா.

"கணக்கு புரிஞ்சிட்டும்மா."

அக்டோபர் 13, திங்கள்

மாமா வாங்கிவிட்டார்.

பத்தோ இருபதோ ஷேர் வாங்குவார், ஞாயிற்றுக்கிழமை போனைக் காட்டிச் சிரிக்கலாம் என்றுதான் இருந்தேன். இரண்டாயிரத்து ஐந்நூறு வாங்கியிருக்கிறார். முழு மூன்று லட்சம்.

"ஃபீஸு கட்டணுமே மாமா?"

"நவம்பர் இருவதுக்குத்தானல. இப்ப சும்மாத்தான கெடக்கு. கொஞ்சம் மேல போனா வித்துட்டு மெட்ராஸ்ல தங்குத காசையும் பாத்துருவேன். அக்காகிட்ட கை நீட்ட வேண்டாம்லா." என் தோளில் தட்டினார். "கணக்குச் சொன்னது யாரு?"

இரவுச் சாப்பாடு சாளை மீன் குழம்பு. முள் ஒன்று தொண்டையில் நின்றுவிட்டது. சோற்று உருண்டையை விழுங்கச் சொன்னாள் அம்மா.

மும்பை ஆபீஸ் யார் என்று நாளை சொல்லிவிடுவேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

விலை 123. சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது.

அக்டோபர் 24, வெள்ளி

138!

வாங்கிய விலையைவிட ஒரு ஷேருக்குப் பதினெட்டு ரூபாய் கூடுதல். நாற்பத்தைந்தாயிரம் ரூபாய், உட்கார்ந்த இடத்தில். துருவைச் சுரண்டி அதைச் சம்பாதிக்க மாமாவுக்கு ஒரு மாதம் ஆகும். எனக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தார்.

மும்பை தலைமை அதிகாரி வாரம் இரண்டு முறை வாழ்த்து அனுப்புகிறார். மாமாவும் மரியாதையாகப் பதில் போடுகிறார். நேற்று "சார், தங்கள் ஆபீசில் எல்லோரும் நலமா?" என்று கேட்டிருந்தார். "அனைவரும் நலம். கேன்டீனில் மட்டும் உப்பு கூடுதல்" என்று அனுப்பினேன். அம்மா வைத்த ரசத்தைச் சொன்னேன்.

விற்றுவிடலாமா என்று மாமா என்னிடம் கேட்டார். "நாலுல இருக்கத போயி யாராவது விப்பாங்களா மாமா? பத்துக்காவது போகட்டும்" என்றேன். நிபுணர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

"ஏலே நிபுணரு, அக்கவுண்டன்சில எவ்வளவு மார்க்கு?" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

முப்பத்தி நாலு. அதிலும் நாலு இருக்கிறது என்பதைக் கவனிக்கவும்.

நவம்பர் 6, வியாழன்

கப்பல் பெட்டியின் மூடியில் ஒட்ட யாட் படம் வேண்டும் என்றார் மாமா. நெட்டில் கம்பெனியின் ஆண்டறிக்கை இருந்தது. இருநூறு பக்கம். படம் மூன்றுதான். முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று. மூன்றிலும் ஆரஞ்சு மிதவை வளையத்தில் ஒரே இடத்தில் ஒரே விரிசல். ஒரே யாட்டைத்தான் சுற்றிச் சுற்றி எடுத்திருக்கிறார்கள். நாலாவது படம் இருக்குமோ என்று தேடிக்கொண்டே போனதில் கடைசிப் பக்கங்களுக்கு வந்துவிட்டேன். அங்கே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. ஆற்றங்கரையில் கம்பெனிக்கு இருந்த படகு கட்டும் நிலத்தை விற்றிருக்கிறார்கள். ஷேருக்கு முப்பது ரூபாய் லாபத்தில் இருபத்தெட்டு ரூபாய் அதிலிருந்து வந்ததுதானாம். யாட் விற்று வந்தது மீதி இரண்டு.

விலையை முப்பதால் வகுக்காமல் இரண்டால் வகுத்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை.

அச்சுப்பிழையாக இருக்கலாம். பெரிய கம்பெனிகளிலும் அச்சுப்பிழை வரும்.

மூன்று படத்தையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மாமாவுக்கு மேலிருந்து எடுத்த படம்தான் பிடித்தது.

நவம்பர் 7, வெள்ளி

காலையில் மாமாவிடம் ஒரு விஷயம் பேசலாம் என்று போனேன். சவரம் செய்துகொண்டிருந்தார். கத்தி தொண்டைக்குழியில் இருக்கும்போது ஒருவரிடம் பங்குச் சந்தை பேசுவது மனிதாபிமானம் அல்ல. மதியம் பள்ளிக்கூடம். சாயங்காலம் வீட்டில் இறைச்சி. சாப்பிடும்போது பேசினால் செரிக்காது. அதன் பிறகு மாமா கேரம் ஆடப் போய்விட்டார்.

விலை 136. நல்ல விலைதான்.

நவம்பர் 8, சனி

மாமாவுக்கு வெள்ளைச் சட்டை தைக்க அளவு எடுக்கப் போனோம். கைகளை விரித்துக்கொண்டு சிலுவை போல நின்றார். "அண்ணே, தோள்ல பட்டை மாட்டுத வாரு வச்சே தைங்க. பொறவு பிரிச்சித் தைக்க வேண்டாம்" என்றார் டெய்லரிடம். டெய்லர் அவரை சார் என்று கூப்பிட்டார்.

சாயங்காலம் கம்பெனி மூன்று மாதக் கணக்கை வெளியிட்டது. ஒரு ஷேருக்கு லாபம் நாற்பது பைசா.

அச்சுப்பிழை இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பூசைக்குப் போனேன். வேறு செய்தி இல்லை.

நவம்பர் 10, திங்கள்

இன்று மெர்வின் ஒரு வீரச்செயல் புரிந்தான். சந்தை திறப்பதற்கு முன்பே நானாக மாமாவிடம் போய், எதிரே நின்று, கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"மாமா, அந்த முப்பது ரூவா லாபத்துல இருபத்தெட்டு ரூவா யாட் வித்து வந்தது இல்ல. யாட் கட்டுற எடத்த வித்து வந்தது. அத ஒரு தடவதான் விக்க முடியும்."

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அதாவது, படக வித்த காச, மீன் வித்த காசோட சேத்துக் கணக்குக் காட்டியிருக்கான்."

"ஆமா மாமா."

"அப்ப இந்த வருசம் படகும் கெடையாது, மீனும் கெடையாது."

"ஒரு யாட் இருக்கு மாமா. மூணு போட்டோவுல."

அவர் சிரிக்கவில்லை. "நாலு இல்லன்னா நெசத்துக்கு எவ்வளவு?"

"அறுவத்தெட்டு."

அறுபத்தெட்டு வருடம் கழித்துத்தான் பரோட்டா சும்மா. மாமாவுக்கு அப்போது தொண்ணூற்றேழு வயது. பல் இருக்காது. இதைச் சொல்லவில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும் மாமா. அந்த மும்பை ஷேர் ஆபீஸு..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீதான்னு தெரியும். மொத மெசேஜ்லயே தெரியும். அது அக்காவோட பழைய நம்பர்லா? எந்தத் துறைமுகத்துல எறங்குனாலும் மொத வேலையா மனப்பாடமா அடிச்ச நம்பருலே அது. நீ அதுக்கு மும்பைன்னு பேரு வச்சா எனக்குத் தெரியாமப் போயிருமா?"

என் வாழ்நாளின் மிகச் சிறந்த குறும்பு இப்படியாக நல்லடக்கம் செய்யப்பட்டது.

"அப்புறம் ஏன் மாமா வாங்குனிய?"

"நீ சிரிக்கதுக்கு அனுப்புதன்னு தெரியும். பையன் சிரிக்கட்டும்னு நானும் சார் போட்டேன். ஆனா கணக்கு நெசம்னு நெனச்சேன். நீ எதுல வெளையாண்டாலும் படிச்சத வச்சி வெளையாட மாட்டன்னு நெனச்சேன்."

ஒன்பதேகாலுக்குச் சந்தை திறந்தது. விற்கப் போட்டோம். ஒரு நாளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்று இந்த ஷேருக்கு ஒரு வரம்பு. திறந்த உடனே அந்த வரம்பில் போய் விழுந்து 129-ல் நின்றுவிட்டது. விற்க லட்சக்கணக்கில் வரிசை. வாங்க ஒருவரும் இல்லை.

நவம்பர் 13, வியாழன்

111. தினமும் காலையில் வரிசையில் நிற்கிறோம். தினமும் ஒரு படி இறங்குகிறது. வாங்க ஆள் இல்லை.

டெய்லர் சட்டையைக் கொடுத்துவிட்டார். மாமா போட்டுப் பார்க்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

விற்றது. நூறு ரூபாய்க்கு.

கையில் இரண்டரை லட்சம். ஃபீஸுக்கே ஐம்பதாயிரம் குறைகிறது. சென்னையில் தங்கவும் தின்னவும் தனி. அம்மா வளையலைக் கழற்றினாள். "போடு அக்கா அத. கடன் வாங்கிப் படிச்சா பொஸ்தகத்துல எழுத்து தெரியாது, வட்டிதான் தெரியும்" என்றார் மாமா. அடுத்த கோர்ஸ் மே மாதம். அதுவரை குஜராத் காண்ட்லாவிலிருந்து கரையோரமாக ஓடும் எண்ணெய்க் கப்பலில் ஆறு மாத வேலை. மறுபடி துரு.

நவம்பர் 23, ஞாயிறு

மாமாவை ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். வெள்ளைச் சட்டையை அம்மா பெட்டியில் வைத்தாள். அவர் எடுத்து எங்கள் பீரோவில் வைத்துவிட்டார். "எண்ணெக் கப்பல்ல இது எதுக்கு? மே மாசம் வந்து எடுத்துக்கிடுதேன்" என்றார்.

கோரல்விங் இப்போது 82. இன்னும் இறங்குகிறது. பிளாட்பாரத்தில் வைத்து மாமா அம்மாவிடம் சொன்னார்: "மெர்வின் மட்டும் அந்தக் கணக்கப் பாத்துச் சொல்லலன்னா, இன்னும் மேல போவும்னு வச்சிக்கிட்டே இருந்திருப்பேன் அக்கா. பாதிக் காசு போயிருக்கும்."

மும்பை ஆபீஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா இறால் பொரித்து என் தட்டில் இரண்டு மடங்கு வைத்தாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் மதில் வழியாகச் சொல்வது கேட்டது: "பதினாறு வயசுதான். பெரிய பெரிய கம்பெனிக்காரன் மறைச்சத இவன் கண்டுபிடிச்சிட்டான்."

ஆகவே சகல பொதுமக்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: யாட் கம்பெனியின் கள்ளக் கணக்கை உடைத்து, தாய்மாமனின் இரண்டரை லட்சத்தைத் தக்க நேரத்தில் மீட்ட இளம் நிபுணர் மெர்வின்

மேலே உள்ள வாக்கியத்தை முடிக்க வரவில்லை. அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கள்ளக் கணக்கு எதுவும் இல்லை. நிலம் விற்றதை அவர்கள் எழுதித்தான் வைத்திருந்தார்கள். நான்தான் படம் பார்த்தேன். அச்சுப்பிழை என்று நான் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. வியாழக்கிழமை அந்தக் குறிப்பைப் படித்த உடனே விலையை இரண்டால் வகுத்துப் பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மாமா தொண்டையில் கத்தி இருந்ததாக எழுதியிருக்கிறேன். அவர் வைத்திருப்பது கரண்ட் ரேசர். குறிப்பைச் சொன்னால் அறிக்கையைப் படிக்காமலே கணக்குச் சொன்னதையும் சொல்ல வேண்டும், மும்பை ஆபீஸையும் சொல்ல வேண்டும், இவ்வளவு சொன்ன பிறகு நிபுணர் என்று யார் கூப்பிடுவார்கள் என்பதுதான் வாயைத் திறக்காததற்குக் காரணம். அன்று நாள் முழுக்க வாங்க ஆள் இருந்தது. 136-க்கு விற்றிருந்தால் ஃபீஸ் கட்டி, சென்னையில் ரூம் எடுத்து, மாமா இன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்திருப்பார்.

திங்கட்கிழமைகூட நானாகப் போய்ச் சொல்லவில்லை. "கணக்கு வந்திருக்காம், படிச்சிச் சொல்லு மருமவனே" என்று மாமாதான் போனை நீட்டினார். கண்ணைப் பார்த்துச் சொன்னதும் இல்லை. அவர் டீ கிளாஸைப் பார்த்துச் சொன்னேன். எந்த நாளில் எனக்குத் தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியும், அதனால் அதையும் எழுதவில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் கூடுதலாக வைத்த இறால் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

இறங்கியது. எல்லாமே இறங்கியது.